கிராஸிங்குக்காக நிற்கும் வண்டி



விருதுநகரிலிருந்து கிழக்கே புறப்படும் ரயில் பாதை ஒன்று அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு மானாமதுரை போய்ச் சேருகிறது. முன்பு மீட்டர் கேஜாக இருந்தது; 2013இல் அகலப் பாதையாயிற்று. ஆனால் இன்றும் ஒற்றைத் தடம்தான். இத்தகைய பாதையில் போகும் வண்டி சில சமயம் காரணம் தெரியாமல் ஒரு நிலையத்தில் நின்றுவிடும். ஏறுவோரும் இல்லை, இறங்குவோரும் இல்லை. வெளியே எட்டிப் பார்த்தால் கருவேல மரங்களும் வெயிலுந்தான். "வண்டி ஏன் நிக்குது?" என்று ஒருவர் கேட்பார். "கிராஸிங்" என்று பதில் வரும். பள்ளிக்கூடமே போகாத பாட்டிக்கும் அந்த ஒரு சொல் போதும். வெற்றிலைப் பையைத் திறந்துகொண்டு சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்.

'கிராஸ்' என்னும் இந்த ஆங்கிலச் சொல்லை நாம் நாள்தோறும் எத்தனை இடங்களில் பயன்படுத்துகிறோம்! ரோட்டைக் கிராஸ் செய்கிறோம். வங்கிக்குக் கிராஸ் செய்த செக்கைக் கொண்டுபோகிறோம். கலப்பினப் பசுவைக் 'கிராஸ் மாடு' என்கிறோம். வக்கீல் சாட்சியைக் கிராஸ் செய்கிறார். வடிவியல் வகுப்பில் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று 'கிராஸ்' செய்கின்றன. இவை எல்லாம் ஒன்றுதானா? ஒன்றல்ல என்பதுதான் விஷயம். அது தெரியாமல் போனால் தேர்வில் சில மதிப்பெண்கள் போகும். ரயில் பாதையிலோ உயிர்களே போகும்.

முதலில் சொல்லின் பிறப்பு. லத்தீன் மொழியில் 'குருக்ஸ்' என்றால் குற்றவாளிகளை அறைந்து கொல்லும் மரம். அச்சொல் அயர்லாந்து வழியாகச் சுற்றி ஆங்கிலத்துக்கு வந்து 'கிராஸ்' ஆயிற்று. இரண்டு மரங்கள் ஒன்றன் குறுக்கே ஒன்றாக இருந்த உருவம் மனத்தில் நின்றதால், குறுக்காகக் கிடக்கும் எதற்கும் அப்பெயர் பரவியது. 1631இல் வில்லியம் ஆட்ரெட் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் அதே உருவத்தைச் சாய்த்துப் போட்டுப் பெருக்கல் குறியாக்கினார்.

'குருக்ஸ்' என்றதும் நம் 'குறுக்கு' நினைவுக்கு வரும். இரண்டும் உறவு என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஒலி ஒத்திருப்பது தற்செயல். நம் சொல் 'குறு' என்னும் வேரிலிருந்து வந்தது. நெடுமையான பக்கம் நெடுக்கு. குறுகிய பக்கம் குறுக்கு. வயலுக்கு நெடுக்கும் உண்டு, குறுக்கும் உண்டு. நம் பக்கத்தில் நாற்று நட்டு நிமிர்கிறவர்கள் "குறுக்கு வலிக்குது" என்று இடுப்பின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார்களே, அதுவும் உடம்பின் நெடுமைக்கு எதிரான பகுதிதான். ஆகவே 'குறுக்கு' என்பது அடிப்படையில் ஒரு திசை. அங்கே இரண்டு பொருள்கள் சந்திக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. இயற்பியலில் குறுக்கலை, நெட்டலை என்று படிக்கிறீர்கள். குறுக்கலையில் எதை எது வெட்டுகிறது? ஒன்றையும் வெட்டவில்லை. அலை செல்லும் திசைக்குக் குறுக்காகத் துகள்கள் அசைகின்றன, அவ்வளவே.

கிராஸ் செய்த செக்கும் இப்படித்தான். அதன் மூலையில் போடும் இரண்டு கோடுகளும் இணைகோடுகள்! எவ்வளவு நீட்டினாலும் அவை ஒன்றையொன்று தொடப்போவதில்லை. தாளின் முகப்புக்குக் குறுக்கே போவதால்தான் அந்தப் பெயர். 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டமும் 'குறுக்கான இரண்டு இணைகோடுகள்' என்றே அதை வரையறுக்கிறது.

வடிவியலில் நாம் சொல்லும் 'வெட்டுதல்' வேறு. அதற்கு ஆங்கிலத்தில் 'இன்டர்செக்ட்' என்று தனிச்சொல் உண்டு. லத்தீனில் 'இன்டர்' என்றால் இடையே, 'செக்' என்றால் வெட்டு. நம் பாடநூல்காரர்கள் 'வெட்டும் கோடுகள்', 'வெட்டுப்புள்ளி' என்று பெயரிட்டது மிகப் பொருத்தம். இரண்டு கோடுகள் வெட்டுகின்றன என்றால் இரண்டுக்கும் பொதுவான ஒரு புள்ளி இருக்கிறது என்று பொருள். பொதுப் புள்ளி இல்லையேல் வெட்டு இல்லை. கோணம் எதுவாகவும் இருக்கலாம். 90 பாகையாக இருந்தால்தான் 'கிராஸ்' என்று சில மாணவர்கள் எழுதுகிறார்கள். அது கூட்டல் குறியைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

ஒரு தாளின் மேல் இரண்டு நேர்கோடுகள் வரைந்தால், அவை இணையாக இருக்கும். இல்லையேல் எங்காவது வெட்டியே தீரும். மூன்றாவது வழி கிடையாது. ஆனால் தாளை விட்டு எழுந்து வெளியே வந்தால் அந்த மூன்றாவது வழி உண்டு. அதைப் பார்க்க அருப்புக்கோட்டையைவிட நல்ல இடம் வேண்டுமா? நெசவுக்குப் பெயர்போன ஊர். தறியில் நெடுக்காக இழுத்துக் கட்டிய நூல் பாவு. குறுக்காக ஓடும் நூல் ஊடை. ஊடே போவதால் ஊடை. தொலைவிலிருந்து பார்த்தால் துணியில் ஆயிரக்கணக்கான வெட்டுப்புள்ளிகள் இருப்பதுபோல் தோன்றும். உருப்பெருக்கியை வைத்துப் பாருங்கள். ஓர் ஊடை நூல் ஒரு பாவு நூலுக்கு மேலே ஏறுகிறது, அடுத்ததற்குக் கீழே நுழைகிறது. தொடுகிறது, உரசுகிறது, ஆனால் ஒன்றின் நடுவே மற்றொன்று புகவில்லை. நூலின் நடுக்கோடுகளுக்குப் பொதுவான புள்ளி ஒன்றுகூட இல்லை. நெசவாளர்கள் ஊடையை 'வெட்டு' என்று சொல்லாமல் விட்டது சரியே. நூல் நூலை வெட்டினால் துணி ஏது?

சாலைக்கு வருவோம். மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலை அருப்புக்கோட்டை வழியே வடக்கு தெற்காக ஓடுகிறது. ரயில் பாதையோ மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. வரைபடத்தில் இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும். தரையில் என்ன நடக்கிறது என்பதை வரைபடம் சொல்லாது. சாலையும் பாதையும் ஒரே மட்டத்தில் வெட்டினால் அங்கே ஒரு பொதுப் புள்ளி உண்டு. அதில் பஸ்ஸும் நிற்கலாம், ரயிலும் வரலாம். ஆகவே கேட் வேண்டும், கேட்டுக்கு ஆள் வேண்டும். ஆளில்லாத கேட்டுகளில் நாடெங்கும் எத்தனையோ உயிர்கள் போன பிறகு, 2019 ஜனவரியோடு அகலப் பாதைகளில் இருந்த அத்தகைய கடவுகள் எல்லாம் நீக்கப்பட்டன. அதே சாலையை மேம்பாலத்தில் ஏற்றிவிட்டால்? வரைபடத்தில் கோடுகள் முன்போலவே வெட்டும். தரையில் பொதுப் புள்ளி மறைந்துவிட்டது. கேட்டும் வேண்டாம், கேட்கீப்பரும் வேண்டாம். மேம்பாலம் கட்டுவது என்றால் வெட்டும் கோடுகளை வெட்டாத கோடுகளாக மாற்றுவது. ஊடை நூல் பாவின் மேல் ஏறுவதைப் போன்றதே அது.

மின்சுற்றுப் படம் வரைகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு கம்பிகள் படத்தில் குறுக்கிடும் இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தால் இணைப்பு உண்டு. பொட்டு இல்லையேல் ஒன்றின்மேல் ஒன்று கடந்து போகிறது. ஒரு பொட்டை மறந்ததால் ஆய்வகத்தில் மின்னோட்டம் தவறான வழியில் போய்க் கருவி புகைந்ததை ஆசிரியர்களாகிய நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம்.

இதே நெடுஞ்சாலையில் எட்டயபுரம் தாண்டித் தூத்துக்குடி நோக்கிப் போனால் ஓர் ஊர் வரும். அதன் பெயரே குறுக்குச்சாலை! 'கிராஸ் ரோடு' என்பதற்கு இதைவிட நல்ல தமிழ் வேண்டாம்.

வெட்டுவது என்றால் என்ன என்று தெரிந்துவிட்டது. இனி ஒரு கேள்வி. எல்லா வெட்டுகளும் ஒரே தரமானவையா?

நோட்டில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஸ்கெட்ச் பேனாவால் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு கோடுகளைச் செங்குத்தாக வெட்டும்படி வரையுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடம் சிறு சதுரம். அதன் மூலைவிட்டம் 1.4 மி.மீ. இப்போது அதே கனத்தில் 30 பாகைக் கோணத்தில் வெட்டும்படி வரையுங்கள். சதுரம் சாய்சதுரமாக நீண்டுவிடும். நீண்ட மூலைவிட்டம் ஏறத்தாழ 3.9 மி.மீ. கோணத்தை 10 பாகையாகக் குறைத்தால் 11.5 மி.மீ.! வெட்டும் இடம் இன்னதென்று விரல் வைத்துக் காட்டவே முடியாது. கோடுகளின் கனம் மாறவில்லை, கோணம் மட்டுமே மாறியது.

கல்லூரி ஆய்வகத்தில் நிறமாலைமானியின் தொலைநோக்கிக்குள் பார்த்தால் இரண்டு மெல்லிய குறுக்குக் கம்பிகள் தெரியும். அவை ஒன்றுக்கொன்று செங்குத்தாகவே இருக்கும். காரணம் இப்போது உங்களுக்கே தெரியும். முற்காலத்தில் இதற்குச் சிலந்தி நூலைக் கட்டினார்கள். அவ்வளவு மெல்லிய, அறுந்து போகாத இழை வேறு கிடைக்கவில்லை.

நிலத்தை அளப்பவர்களுக்கு இது வாழ்வா சாவா என்ற பிரச்சினை. தொலைவில் உள்ள ஒரு கோபுரம் எங்கே இருக்கிறது என்று அறிய, இடம் தெரிந்த இரண்டு புள்ளிகளிலிருந்து அதைக் குறிபார்க்கிறார்கள். இரண்டு பார்வைக் கோடுகளும் வெட்டும் இடமே கோபுரம் இருக்கும் இடம். 1802இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், கூடிய மட்டும் 60 பாகைக்கு நெருங்கிய கோணங்கள் கொண்ட முக்கோணங்களாகப் பார்த்தே தேர்ந்தெடுத்தார். ஒல்லியான முக்கோணத்தில் வெட்டுப்புள்ளி வழுக்கிவிடும். நம் தென்னாட்டுச் சமவெளியில் மலை இல்லை. பனைகளும் தென்னைகளும் பார்வையை மறைத்தன. ஆகவே கோவில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றினார். அரை டன் எடையுள்ள அந்தத் தியோடலைட்டை 1808இல் தஞ்சைப் பெரிய கோவிலில் ஏற்றும்போது அது சுவரில் மோதி நசுங்கியது. உட்கார்ந்து பல வாரம் அதைச் சரிசெய்தார். அவருடைய அளவைக் கோடு 78 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியே வடக்கே சென்றது. அந்தத் தீர்க்கரேகை விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே போகிறது. ரயிலில் போனால் நீங்களும் அதைக் கடந்துவிடுவீர்கள். ஆனால் அங்கே கேட் எதுவும் இருக்காது!

ரயில் என்றதும் நின்றுகொண்டிருக்கும் நம் வண்டி நினைவுக்கு வருகிறது. அது எந்தக் கோட்டுக்காக நிற்கிறது? ஒற்றைத் தடத்தில் இரண்டு வண்டிகளும் ஒரே கோட்டின் மேல் அல்லவா ஓடுகின்றன? ஒரு கோடு தன்னையே எப்படி வெட்டும்?

வெட்டும் கோடுகள் தரையில் இல்லை. ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் உள்ள ஒரு வரைபடத்தில் இருக்கின்றன. முன்பு பெரிய தாளில் பென்சிலால் வரைந்தார்கள். இப்போது கணிப்பொறித் திரையில் வரைகிறார்கள். அதில் ஓர் அச்சு தூரம், மற்றொன்று நேரம். ஒவ்வொரு நிலையமும் ஒரு கிடைக்கோடு. ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. நீங்கள் இயக்கவியலில் வரையும் அதே தூர–நேர வரைபடந்தான். பாரிஸ்–லியோன் ரயில்களுக்கு இப்படி வரைந்த அழகான படம் ஒன்றைப் பிரெஞ்சு அறிஞர் எத்தியேன் மாரே 1885இல் தம் நூலில் வெளியிட்டார். கோடு செங்குத்தாக ஏறினால் வேக வண்டி. படுத்துக் கிடந்தால் மெதுவான வண்டி. முற்றிலும் கிடையாகிவிட்டால் வண்டி நிற்கிறது.

கணக்கு ஒன்று போடுவோம். எண்கள் நம் வசதிக்காக எடுத்துக்கொண்டவை. 60 கி.மீ. நீளமுள்ள ஒற்றைத் தடம். மேற்கு முனையிலிருந்து 8 மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஒரு பாசஞ்சர் வண்டி கிளம்புகிறது. அதே 8 மணிக்குக் கிழக்கு முனையிலிருந்து 60 கி.மீ. வேகத்தில் ஓர் எக்ஸ்பிரஸ் வருகிறது. ஒரு கோடு ஏறுகிறது, மற்றொன்று இறங்குகிறது. இரண்டும் சேர்ந்து மணிக்கு 100 கி.மீ. நெருங்குவதால் 36 நிமிடத்தில் சந்திக்கும். அதாவது 8.36க்கு, மேற்கிலிருந்து 24ஆவது கிலோமீட்டரில். அந்த இடத்தில் வெறும் பொட்டல் காடு. வெட்டுப்புள்ளி அங்கே விழுந்தால் மோதல்தான்.

ஆகவே வெட்டுப்புள்ளியை ஏதாவது ஒரு நிலையத்தின் கோட்டுக்கு நகர்த்த வேண்டும். அதுவும் ஒதுங்கி நிற்க லூப் லைன் என்னும் இரண்டாம் தடம் உள்ள நிலையமாக இருக்க வேண்டும். அத்தகைய நிலையங்கள் 20ஆவது, 30ஆவது கிலோமீட்டர்களில் உள்ளன என்று கொள்வோம். பாசஞ்சர் 20க்கு 8.30க்கே வந்துவிடும். எக்ஸ்பிரஸ் அங்கே வர 8.40 ஆகும். பாசஞ்சர் 10 நிமிடம் நிற்க வேண்டும். 30இல் வைத்தால் எக்ஸ்பிரஸ் 8.30க்கு வந்துவிடும், பாசஞ்சர் வர 8.45. எக்ஸ்பிரஸ் 15 நிமிடம் நிற்க நேரும். கட்டுப்பாட்டாளர் 20ஐத் தேர்ந்தெடுப்பார். பாசஞ்சரின் சாய்கோடு 8.30 முதல் 8.40 வரை படுத்துக்கொள்கிறது. அந்தக் கிடைக்கோட்டின் மேல்தான் நம் பாட்டி வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார்.

எக்ஸ்பிரஸ் 20 நிமிடம் தாமதமானால்? கோடு அப்படியே வலப்பக்கம் நகரும். வெட்டுப்புள்ளி 8.48க்கு 32ஆவது கிலோமீட்டருக்குப் போய்விடும். பழையபடி 20இலேயே காத்திருந்தால் பாசஞ்சர் அரை மணி நேரம் நிற்க வேண்டும். 30 வரை போகவிட்டால் 5 நிமிடந்தான். "போன வாரம் அங்கே நின்னுச்சு, இன்னைக்கு இங்கே நிக்குதே" என்று நாம் சலித்துக்கொள்வதன் காரணம் பெரும்பாலும் இத்தகைய ஒரு தாமதமே.

ரயில்வே ஊழியர்கள் சொல்லைப் பயன்படுத்தும் நுட்பத்தைப் பாருங்கள். எதிரே வரும் வண்டிக்கு வழிவிட்டால்தான் அவர்களுக்கு அது 'கிராஸிங்'. பின்னால் வரும் வேக வண்டியை முந்தவிட்டால் அது 'பிரசீடன்ஸ்', அதாவது முன்னுரிமை. பயணிகளாகிய நாம் இரண்டையும் கிராஸிங் என்றே சொல்கிறோம். வரைபடத்தில் இரண்டுமே வெட்டும் கோடுகள்தாம். ஆனால் கோணம் வேறு. எதிரெதிர் வண்டிகளின் கோடுகள் நன்றாக அகன்ற கோணத்தில் வெட்டும். முன்னும் பின்னுமாகப் போகும் வண்டிகளின் கோடுகள் ஏறத்தாழ இணையாகவே போய் மிகச் சிறிய கோணத்தில் வெட்டும். மேலே சொன்ன எக்ஸ்பிரஸ் 2 நிமிடம் தாமதமானால் வெட்டுப்புள்ளி 800 மீட்டர்தான் நகரும். இன்னொரு பாதையில் 50 கி.மீ. வேக வண்டி 8.00க்கும், அதன் பின்னால் 60 கி.மீ. வேக வண்டி 8.10க்கும் புறப்படட்டும். 50ஆவது கிலோமீட்டரில் எட்டிப் பிடிக்கும். பின்வண்டி 2 நிமிடம் தாமதமாக 8.12க்குப் புறப்பட்டால் 60ஆவது கிலோமீட்டர் வரை போய்த்தான் பிடிக்கும். அதே 2 நிமிடத்துக்கு 10 கி.மீ. நகர்வு! ஸ்கெட்ச் பேனாவால் வரைந்த 10 பாகைக் கோடுகள் இங்கே ரயிலேறி வந்திருக்கின்றன.

வரைபடம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. வெட்டுப்புள்ளி இரண்டு நிலையங்களுக்கு நடுவில் விழாதபடி தடுக்கும் கருவியும் வேண்டும். ஒற்றைத் தடங்களில் நெடுங்காலம் இதற்குப் பயன்பட்டது டோக்கன் முறை. பக்கத்துப் பக்கத்து நிலையங்கள் இரண்டிலும் ஒவ்வொரு பெட்டி. இரண்டும் மின்கம்பியால் இணைக்கப்பட்டவை. பெட்டிக்குள் உலோகப் பந்துகள். ஒரு பந்தை எடுத்துவிட்டால், அது இரு பெட்டிகளில் ஒன்றுக்குத் திரும்பும் வரை எந்தப் பெட்டியிலிருந்தும் இன்னொரு பந்து வெளியே வராது. பந்து கையில் இல்லாமல் ஓட்டுநர் நிலையத்தை விட்டுக் கிளம்பக் கூடாது. பந்தைப் பையில் போட்டு, பெரிய வளையத்தில் கட்டி, ஓடும் எஞ்சினுக்கு எட்டும்படி நிலைய ஊழியர் தூக்கிப் பிடித்து நிற்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அந்த ஒற்றைப் பந்து சொல்வது இதுதான்: இந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவே இப்போது ஒரே ஒரு சாய்கோடுதான் உண்டு.

இத்தகைய காவல் எங்காவது தவறினால் என்ன ஆகும்? 1999 ஆகஸ்ட் 2 அன்று மேற்கு வங்கத்தின் கைசால் நிலையத்தில் தவறான தடத்தில் திருப்பிவிடப்பட்ட ரயில் எதிரே வந்த மற்றொன்றின்மேல் மோதியது. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அடுத்த முறை வண்டி கிராஸிங்குக்காக நிற்கும்போது கைக்கடிகாரத்தையும் ஒரு துண்டுத் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். நின்ற நேரம், எதிர்வண்டி கடந்த நேரம், புறப்பட்ட நேரம் மூன்றையும் குறித்து வீட்டில் வந்து வரைபடமாகப் போடுங்கள். பழக்கத்துக்கு நம் கணக்கிலேயே ஒன்று தருகிறேன். பாசஞ்சர் 8.00க்கே கிளம்புகிறது, எக்ஸ்பிரஸ் இன்று 10 நிமிடம் தாமதமாக 8.10க்குக் கிளம்புகிறது. கிராஸிங்கை 20இல் வைப்பதா, 30இல் வைப்பதா? நிற்கப் போவது எந்த வண்டி, எத்தனை நிமிடம்?